பாடுபடுகிறவர்களின் பஞ்சாயத்து

ஏழைப் பெண்களுக்கு உதவப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தையல் மெஷினோடு வருகிறார்கள். அவர்கள் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பெண் இத்தனை வருடம் என்ன செய்து பிழைத்தாள், அந்த வேலையில் அவளுக்கு என்ன குறை என்று உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. 1990களின் தொடக்கத்தில் புனேயில் சிலர் கேட்டார்கள். கிடைத்த பதில் அந்த நகரம் குப்பை அள்ளும் முறையையே மாற்றியது.

எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறையில் இருந்த லட்சுமி நாராயணும் பூர்ணிமா சிக்கர்மனேயும் குப்பை பொறுக்கும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் போனார்கள். பிள்ளைகள் வழியாகத் தாய்மார்களின் பழக்கம் கிடைத்தது. ‘வேறு வேலைக்கு ஏற்பாடு செய்யலாமா?’ என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் இசையவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்களில் பலர் 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மராட்டியக் கிராமங்களை விட்டு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் அதட்டலுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். குப்பை பொறுக்குவதில் நாற்றம் உண்டு, எஜமான் இல்லை. அன்றைய உழைப்புக்கு அன்றே காசு. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தெருத்தொட்டிக்குள் கைவிட்டுக் கிளறும் நிலை போக வேண்டும், வீட்டிலேயே பிரித்து வைத்த குப்பை தங்கள் கைக்கு வர வேண்டும்.

சில பகுதிகளில் அது நடக்கவும் தொடங்கியது. கொஞ்ச நாளில், அதே குப்பையை வண்டி வைத்து எடுக்கத் தனியார் ஒருவர் வந்தார். பெண்கள் வண்டியை மறித்து நின்றார்கள். குப்பைக்கு விலை இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது தங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பது அன்றே அவர்களுக்குப் புரிந்தது. 1993 மே மாதத்தில் சுமார் 800 பேர் புனேயில் கூடினார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு ‘ஹமால் பஞ்சாயத்து’ கட்டிய டாக்டர் பாபா ஆடாவ் வழிகாட்ட, ‘காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்’ பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர்களின் பஞ்சாயத்து என்று பொருள். மராத்தியில் கஷ்டகாரி என்றால் உழைப்பவர். தமிழிலும் ‘பாடு’ என்ற ஒரே சொல் துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கிறது. பாட்டாளி என்பவர் பாடுபடுகிறவர்.

பஞ்சாயத்து முதலில் கேட்டது அடையாள அட்டை. விடியற்காலையில் தோளில் சாக்குப்பையோடு நடக்கும் பெண்ணை, திருட்டு நடந்த தெருவில் போலீஸ் முதலில் பிடிக்கும். 1995-96இல் புனே மாநகராட்சி அங்கீகரித்த அட்டை வந்தது. சந்தேகத்துக்குரியவளாக இருந்தவள் தொழிலாளியானாள்.

யார் யாருக்கு உதவினார்கள்?

அடுத்து பஞ்சாயத்தார் கணக்குப் போட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக 2001இல் நடந்த ஆய்வு, குப்பை பொறுக்கும் ஒவ்வொருவரும் மாதம் சுமார் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை மாநகராட்சிக்கு இலவசமாகத் தருவதாகக் கணக்கிட்டது. அவர்கள் பொறுக்கியெடுக்காவிட்டால் அத்தனை குப்பையையும் லாரி வைத்து அள்ளிக் கொட்டும் செலவு நகரத்தின் தலையில் விழும். ஏழைகளுக்கு நகரம் உதவுகிறது என்று நாம் நினைத்திருந்தோம். புனேயில் உதவி கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் மருத்துவக் காப்பீடு கேட்டார்கள். 2002-03இல் மாநகராட்சி பிரீமியம் கட்டத் தொடங்கியது.

இந்த வரிசையில் அடுத்தது, குப்பை பொறுக்குவோரே உறுப்பினர்களான ‘ஸ்வச்’ கூட்டுறவு. 2008இல் மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய்க் குப்பை எடுக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் தருகிறார்கள்; விற்கக்கூடிய பொருள் அள்ளியவருக்கே சொந்தம்.

அந்த வேலையைக் கிட்டே நின்று பார்த்தால், அது வெறும் கூட்டிப் பெருக்கும் வேலை இல்லை என்று தெரியும். தள்ளுவண்டியில் மட்கும் குப்பை தனி, உலர்ந்தது தனி. பிரிக்கும் இடத்தில் ஒரு கவரைக் கசக்கும்போது எழும் சத்தத்திலேயே அது எந்த வகை பிளாஸ்டிக், என்ன விலைக்குப் போகும் என்று கை முடிவு செய்துவிடுகிறது. பால் கவர், அட்டை, வெள்ளைத்தாள், பாட்டில் எல்லாம் அதனதன் குவியலில் விழுகின்றன. எந்தப் பயிற்சி வகுப்பும் தராத படிப்பு இது.

அதே கைகளில்தான் பயன்படுத்திய நாப்கினும் வந்து விழுகிறது. 2013இல் அவற்றை மூட்டை கட்டி, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள் என்று வீடுகளைக் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கினோடு அதைச் சுற்றிப் போட உறையும் தரும்படி தயாரிப்பாளர்களுக்குக் கூறின. குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சிகள் தங்கள் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் கூறின.

ஆனாலும் நிம்மதி இல்லை. ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் புதுப்பிப்பார்களா, பெரிய வண்டியோடு தனியார் வருவார்களா என்ற கவலை திரும்பி வருகிறது. நமக்கும் இது தெரியாத கதை இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் போனதை எதிர்த்து, சென்னையின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. கொலம்பியாவின் பொகோட்டாவிலோ, பொறுக்குவோர் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். 2013 முதல் அந்த நகரம் அவர்கள் சேகரிக்கும் எடைக்குக் கூலி தரத் தொடங்கியது.

வளர்ச்சி என்ற பெயரில் வரும் திட்டம் எதுவானாலும் ஒரு கேள்வியால் அதை உரசிப் பார்க்கலாம்: இந்த வேலையை இதுவரை செய்தவர்கள் யார், அவர்களை உட்காரவைத்துக் கேட்டார்களா? கேட்காமல் வரும் நவீன வண்டி, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், யாரோ ஒருத்தியின் சோற்றின் மேல்தான் ஏறிப் போகிறது. வண்டியை மறித்து நின்ற அந்தப் பெண்கள் வளர்ச்சியை மறிக்கவில்லை. அதில் தங்களுக்கு உரிய இடத்தைக் கேட்டார்கள்.