குறுக்கே நின்ற வைஸ்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று வருடம் சென்டராக ஆடியவள் நான். சென்டர் என்றால் பெரும்பாலும் அணியிலேயே உயரமானவர். எதிரணிக்காரர் வளையத்தை நோக்கிப் பாய்ந்து வந்தால் குறுக்கே நிற்பது சென்டரின் வேலை. அதனால்தான் அமெரிக்க வீரர் வின்ஸ் கார்ட்டரின் அந்த டங்க்கை எத்தனை தடவை பார்த்தாலும் என் கண் கார்ட்டரிடம் போவதில்லை. பிரான்ஸின் ஃப்ரெடெரிக் வைஸிடம்தான் போகிறது.

2000 செப்டம்பர் 25. சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம். பிரான்ஸ் வீரர் ஒருவர் போட்ட பாஸை கார்ட்டர் இடையில் புகுந்து பறித்தார். பந்தைத் தட்டிக்கொண்டு வந்த வேகத்திலேயே எழும்பிவிட்டார். எதிரே வைஸ். கார்ட்டர் 1.98 மீட்டர், வைஸ் 2.18. கார்ட்டர் சுற்றிக்கொண்டு போகவில்லை, வைஸின் தலைக்கு மேலேயே போனார். கால்களை அகட்டி, இடது கையை வைஸ்மேல் ஊன்றி, வலது கையால் பந்தை வளையத்துக்குள் அறைந்தார். வளையம் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில். பந்தை எறியாமல் கையையே அங்கே கொண்டுபோய்த் திணிப்பதற்குத்தான் டங்க் என்று பெயர். ஆளில்லாத இடத்தில் அதைச் செய்யவே எங்களில் யாராலும் முடிந்ததில்லை.

இறங்கிய வெறியில் கார்ட்டர் வீசிய முஷ்டி, ஓடிவந்த சக வீரர் கெவின் கார்னெட்டின் மேல் படாமல் தப்பியது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதற்கு ‘மரண டங்க்’ என்று பெயர் வைத்தன.

வைஸ் ஏன் விலகவில்லை? தடுப்பவர் முன்கூட்டியே இடம்பிடித்து நின்றிருக்க, பந்தோடு வருபவர் வந்து மோதினால் ஃபவுல் வருபவர்மேல்தான். நிற்பதுதான் சரியான ஆட்டம். எங்கள் பயிற்சியாளரும் அதையே சொல்வார்: “கண்ணை மூடாதே, காலை எடுக்காதே.” நான் பலமுறை எடுத்திருக்கிறேன். மோதல் வரப்போகிறது என்று தெரிந்தும் நிற்பது அத்தனை கஷ்டம். வைஸ் நின்றார்.

1999இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் புது வீரர் தேர்வில் நியூயார்க் நிக்ஸ் அணி வைஸை 15ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தும், அந்த லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கார்ட்டரோ அங்கே 22 சீசன் ஆடி, 2024இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். உலகம் வைஸை அந்த டங்க்கின் படத்தில் கீழ்ப்பாதியாகவே வைத்திருக்கிறது.

அதே ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்திலும் இவ்விரு அணிகளே மோதின. அமெரிக்கா 85, பிரான்ஸ் 75. வைஸிடம் வெள்ளிப் பதக்கம் இருக்கிறது.