ஒரு மணி நேரம் என்ன விலை?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய ஒரு மணிப் பயணம். அதற்கு டிக்கெட் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அதே ஒரு மணி நேரம் சூதாட்ட மேஜை முன் உட்கார்ந்தால்? பால் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதுவும் சுலபந்தான்!

கோவாவுக்குப் போன உங்கள் வீட்டுக்காரர், மாண்டவி நதியில் மிதக்கும் காஸினோ கப்பலில் ஏறிவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் நூறு ரூபாய் வைத்து, அதுவே விழுந்தால் கைக்கு 3,600 ரூபாய் வரும். ஆகா, என்ன தாராளம்! ஆனால் 37 எண்களிலும் நூறு நூறாக வைத்துப் பாருங்கள். செலவு 3,700, வரவு 3,600. ஆக, நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு முதலாளிக்கு!

"பூ, இவ்வளவுதானா?" என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நூறு ரூபாய். மணிக்கு 40 சுற்று என்றால் புரளும் பணம் 4,000. சராசரி நஷ்டம் 108 ரூபாய். அதே சக்கரம் கைபேசியில் மணிக்கு 200 தடவை சுழன்றாலோ, 540! குடத்தில் ஓட்டை சிறியதுதான். எத்தனை நடை நடக்கிறோம் என்பதல்லவா விஷயம்?

ஒரு நாள் ஜயிக்கலாம், வாஸ்தவம். ஆட ஆட, கணக்குத்தான் ஜயிக்கும். இணையச் சூதாட்டத்தைத் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்குள் காவல் நீங்கள்தான்.

"சும்மா பொழுதுபோக்கு" என்று யாராவது சொன்னால் சண்டை வேண்டாம். பால் கணக்குக்குக் கீழே இந்தக் கணக்கையும் எழுதி நீட்டுங்கள்!