சூப்பர்சார்ஜர் கிட்: இரும்பு பாதி, ஃபைல் மீதி



இந்தக் கிழமை எபிசோட்டில் காருக்குள் இருக்கிற கணினிகளைப் பற்றிக் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் கனக்க ஒரே கேள்விதான்: "அண்ணா, மஸ்டாங் ஜிடிக்கு ஒரு சூப்பர்சார்ஜர் கிட் வாங்கி வீட்டுக் கராஜிலேயே பூட்டலாமோ?" மைக்குக்கு முன்னால் இதை ஐந்து நிமிசத்தில் சொல்லி முடிக்க ஏலாது. அதுதான் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: பூட்டலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேருக்கு இரண்டு வார இறுதி போதும். ஆனால் எஞ்சின் தப்புமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது நீங்கள் பூட்டுகிற இரும்பு இல்லை. கடைசியாக ஏற்றுகிற ஒரு ஃபைல்தான் அதைத் தீர்மானிக்கிறது. நான் மெக்கானிக் இல்லை, ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஐடிக்காரன். போன வருசம் என் மச்சான் தன்ரை 2019 ஜிடிக்கு இந்த வேலையைச் செய்தபோது கூட நின்றேன். டார்ச் பிடிக்கிறதும் லொக் ஃபைல் பார்க்கிறதும் என் பொறுப்பு. அங்கே கண்டதையும் பிறகு படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

காற்றுக் கணக்கு

எஞ்சின் என்பது ஒரு காற்றுப் பம்ப். பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம், ஆனால் எரிக்கக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. மஸ்டாங் ஜிடியின் 5.0 லீற்றர் "கொயோட்டி" எஞ்சின் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். ஆகவே கிராங்க் இரண்டு தரம் சுத்தினால்தான் 5 லீற்றர் காற்றை இழுக்கும். ஒரு சுற்றுக்கு 2.5 லீற்றர். (இது வேறு ஊர் எஞ்சின் இல்லை, எங்கட ஒன்ராறியோவில், வின்ட்சரில் செய்கிறது.)

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது? பெல்ட் வழியாகக் கிராங்கிலிருந்து சுழற்சியை எடுத்து, காற்றை எஞ்சினுக்குள் பலவந்தமாகத் தள்ளுகிறது. டர்போவும் இதே வேலைதான், ஆனால் அதைச் சுத்துவது வெளியேறும் புகை. பெல்ட் என்றபடியால் சூப்பர்சார்ஜருக்குக் காத்திருப்பு இல்லை, காலை வைத்தவுடன் தள்ளும். அதுக்குக் கூலியாக எஞ்சின் செய்கிற வலுவில் ஒரு பங்கை அதுவே சாப்பிடும்.

இந்த யோசனை பழசு. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் 1860இல் காப்புரிமை எடுத்த காற்று ஊதிதான் இதன் மூதாதை. அது இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. இன்றைக்குப் பல கிட்டுகளில் வருகிற ஈட்டன் நிறுவனத்தின் ஆர்2650 அதன் பேரப்பிள்ளை. ஒரு சுற்றுக்கு 2.65 லீற்றர் காற்றைத் தள்ளும். பெல்ட் அதைக் கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுத்துகிறது என்று வையுங்கோ. அப்ப 2.5 லீற்றர் மட்டும் விழுங்கக்கூடிய எஞ்சினுக்கு 5.3 லீற்றர் வந்து நிற்கிறது. காற்று நெரிபடும். அந்த நெரிசலைத்தான் "பூஸ்ட்" என்கிறோம்.

சாதாரண வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. (மேலே சொன்ன 14.7க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, குழம்பாதேங்கோ.) அதுக்கு மேல் 12 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் அழுத்தம் 80 சதவீதம் கூடுகிறது. நெரிக்கும்போது காற்று சூடாகிறபடியால் முழு 80 சதவீதமும் வலுவாக மாறாது. என்றாலும் கடையிலிருந்து 460 குதிரைவலுவோடு வந்த கார் 700ஐத் தாண்டுகிற கிட்டுகள் சந்தையில் இருக்கு.

கொம்பனி செய்ததும் நாங்கள் செய்வதும்

இங்கேதான் கவனம் வேண்டும். ஃபோர்ட் தானே சூப்பர்சார்ஜரோடு விற்ற 2020 ஷெல்பி ஜிடி500ஐப் பாருங்கோ. 5.2 லீற்றர், 760 குதிரைவலு. அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 9.5:1. 2015இல் வந்த டொட்ஜ் ஹெல்கட்டும் அப்படித்தான்: 707 குதிரைவலு, 9.5:1. இரண்டு கொம்பனியும் ஏன் ஒரே இடத்துக்கு வந்தது? காற்றை முதலே நெரித்து அனுப்பினால், சிலிண்டருக்குள் பிஸ்டன் அதைத் திரும்பவும் நெரிக்கும். இரண்டு நெரிசலும் சேர்ந்தால் சூடு எகிறும். ஆகவே உள்ளே நெரிப்பதை முதலே குறைத்துவிட்டார்கள்.

2018க்குப் பிறகு வந்த மஸ்டாங் ஜிடியின் விகிதம் 12:1. சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஓடத்தான் அதை வடிவமைத்தார்கள். நாங்கள் அதுக்கு மேல்தான் பூஸ்டை ஏற்றுகிறோம்.

சூடு கூடினால் என்ன நடக்கும்? ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீ ஒழுங்காகப் பரவுகிறதுக்குள், மூலையில் மிச்சமிருக்கிற கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் "நொக்" என்கிறார்கள். ஒன்றிரண்டு சின்ன நொக்கை எஞ்சின் தாங்கும். முழு பூஸ்டில் தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் உடையும்.

இந்த எஞ்சின் 7,500 ஆர்பிஎம் வரை சுத்தும். கணக்குப் போடுங்கோ: செக்கனுக்கு 125 சுற்று, எட்டு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் தீ. செக்கனுக்கு 500 தீ. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெற்றோல், எத்தனை பாகை முன்னால் பொறி என்று ஈசியூ என்ற கணினி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகள் வருகிறது அதுக்குள் எழுதி வைத்த அட்டவணைகளிலிருந்து. ஃபக்டரி அட்டவணைக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது.

இரும்பு வேலை

வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய எல்லாக் கிட்டுக்கும் ஒன்றுதான். பற்றரியைக் கழற்று, பெற்றோல் அழுத்தத்தை இறக்கு, கூலன்டை வடி. முன் பம்பரைக் கழற்றி, இன்டர்கூலருக்கான சின்ன ரேடியேட்டரை முன்னால் பூட்டு. இது எஞ்சின் கூலன்டோடு சேராது. இதுக்குத் தனிக் குழாயும் தனி மின் பம்பும் இருக்கு, நெரிபட்ட காற்றின் சூட்டை இறக்கத்தான்.

பிறகு எஞ்சினின் மேலிருக்கிற பிளாஸ்டிக் இன்டேக்கைத் தூக்கு. அந்த நொடியில் எட்டு ஓட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். உடனே டேப் போட்டு மூட வேண்டும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினைத் திறந்துதான் எடுக்க வேண்டி வரலாம். என் மச்சான் தன் சட்டைப் பையில் இருந்த பேனையைக்கூட எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் குனிந்தவன்.

அடுத்தது பெரிய இன்ஜெக்டர்கள், ஏனென்றால் கூடின காற்றுக்குக் கூடின பெற்றோல் வேண்டும். ஸ்பார்க் பிளக்கும் மாறும்: ஒரு படி குளிரான வகை, இடைவெளியும் குறைவு. நெரிபட்ட காற்றைத் தாண்டிப் பொறி பாய்வது கஷ்டம், அதுதான் காரணம். கடைசியாக இரண்டு பேர் பிடித்து சூப்பர்சார்ஜரை இறக்கி, சொன்ன ஒழுங்கில், சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கி, பெல்ட்டை மாட்டு.

பொறுமையும் சுத்தமும் இருந்தால் செய்யலாம். ஐகியா அலுமாரியைவிடக் கஷ்டம், ஆனால் அதே வகை வேலை.

அந்த ஃபைல்

இரண்டாம் ஞாயிறு பின்னேரம் எல்லாம் பூட்டி முடிந்தது. டியூன் ஃபைல் இன்னும் வரவில்லை. காரின் பழைய ஃபைலை ஓபிடி துளையால் வாசித்து, கிட் கொம்பனிக்கு அனுப்பி, அவர்கள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தை மட்டும் கேப்பமே?" என்றான் மச்சான். நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவன் ஸ்காபரோவில் பஸ் ஏறி வேலைக்குப் போனான்.

ஏன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது? ஈசியூ பெற்றோலை அளப்பதில்லை. இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இன்ஜெக்டர் இரண்டு மடங்கு பெரிசாகி, அட்டவணை பழசாக இருந்தால், அதே மில்லிசெக்கனில் இரண்டு மடங்கு பெற்றோல் கொட்டும். அது சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவும். காற்றை அளக்கிற சென்சர் இருக்கிற குழாய் மாறியிருந்தால் அந்தக் கணக்கும் பிழை. ஹார்ட்வேரை மாற்றிவிட்டு டிரைவரை மாற்றாத கொம்பியூட்டர் மாதிரித்தான், ஆனால் இங்கே நீலத் திரை வராது, எஞ்சின் போகும்.

ஃபைல் வந்து ஏற்றிய பிறகும் வேலை முடியவில்லை. முதலில் மெதுவாக ஓடி, லொக் எடுத்து அனுப்பினோம். அவர்கள் இரண்டு தரம் திருத்தினார்கள். லொக்கில் நான் பார்த்தது மூன்று வரிசை: காற்று-பெற்றோல் விகிதம், உள்ளே போகிற காற்றின் சூடு, நொக் சென்சர் எத்தனை பாகை பின்வாங்குகிறது. முழு பூஸ்டில் விகிதம் 14.7இல் நிற்கக் கூடாது, 12க்குக் கிட்ட இறங்க வேண்டும். கூடுதல் பெற்றோல் சூட்டை உறிஞ்சும். சிவப்பு லைட்டில் கனநேரம் நின்ற பிறகு காற்றுச் சூடு ஏற, ஈசியூ தானாகப் பொறியைப் பின்னுக்குத் தள்ளியது. கார் கொஞ்சம் சோம்பலாகிற மாதிரித் தெரியும். அது நோய் இல்லை, பாதுகாப்பு.

ஒன்ராறியோவில் இருக்கிறவர்களுக்கு நாலு விசயம்

பெற்றோல்: டியூன் எந்த ஒக்டேனுக்கு எழுதப்பட்டதோ அதுக்குக் குறைவாக ஊற்றாதேங்கோ. அமெரிக்காவில் பல இடங்களில் 93 கிடைக்கும், இங்கே பிரீமியம் என்றால் பெரும்பாலும் 91. பெட்ரோ-கனடாவில் 94 உண்டு. ஃபைல் கேட்கும்போதே இதைச் சொல்லுங்கோ.

வாரண்டி: யூடியூபில் அமெரிக்கர்கள் 1975ஆம் ஆண்டின் மக்னஸன்-மொஸ் சட்டத்தைக் காட்டி "ஒண்டும் செய்ய ஏலாது" என்பார்கள். அது அமெரிக்கச் சட்டம், கனடாவில் செல்லாது. சில கிட்டுகளுக்குத் தனி வாரண்டி உண்டு, ஆனால் தகுதி பெற்ற மெக்கானிக் பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக் கராஜ் கணக்கில் வராது.

காப்புறுதி: மாற்றத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மாதக் கட்டணம் கூடும், சிலவேளை மறுப்பார்கள். சொல்லாமல் விட்டு ஒரு விபத்து நடந்தால், இழப்பு காரோடு நிற்காது.

சட்டம்: ஒன்ராறியோவில் கார்களுக்கான புகைப் பரிசோதனை 2019இல் நின்றது உண்மை. ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது இன்னும் குற்றம். வேகமும் அப்படித்தான்: 2021 மாற்றங்களுக்குப் பிறகு, 80க்குக் குறைந்த வேக எல்லை உள்ள வீதியில் 40 கிலோமீற்றர் கூட ஓடினாலே 30 நாள் லைசென்ஸ் போகும், 14 நாள் கார் போகும். 700 குதிரைவலுவுக்கு அந்த 40 ஒரு மூச்சு.

கடைசியாக எனக்குத் தோன்றுகிற ஒரு அளவுகோல். கிட்டுக்குக் காசு இருக்கா என்று கேளாதேங்கோ. கிட், டியூன், காப்புறுதி எல்லாம் கட்டின பிறகும், இந்த எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க வழி இருக்கா என்று கேளுங்கோ. "ஓம்" என்றால் தொடங்குங்கோ, ஃபைல் வரும்வரை சாவியை அம்மாவிடம் குடுத்து வையுங்கோ. "இல்லை" என்றால் 460 குதிரைவலுவும் குறைவில்லை.

லொக் ஃபைல் வைத்திருக்கிறவர்கள் அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் ஒன்றை எடுத்து வரிவரியாக வாசிப்போம்.