ஃபுல்ஸ்டாப்பை எடுத்தா மட்டும் போதாது

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட முதல் டிராஃப்ட் கைடுகிட்ட இருந்து திரும்பி வந்தப்போ, அதுல ஒரு இலக்கணப் பிழை கூட சுழிக்கப்படலை. ஓரத்துல பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: "ஏன்?" பக்கத்தில் இருந்த வரிகள் இவைதான்:

"வீ சேஞ்ச்ட் தி பேட்டரி. தி மோட்டார் ஸ்டாப்ட்."

ரெண்டும் சரியான வாக்கியங்கள். ஆனா மோட்டார் ஏன் நின்னுச்சு? நாங்க சொல்லவே இல்லை. இப்போ இதையே சேர்த்துப் பாருங்க.

"பிகாஸ் வீ சேஞ்ச்ட் தி பேட்டரி, தி மோட்டார் ஸ்டாப்ட்." அதாவது, புது பேட்டரிதான் குற்றவாளி.

"ஆல்தோ வீ சேஞ்ச்ட் தி பேட்டரி, தி மோட்டார் ஸ்டாப்ட்." அதாவது, பிரச்சினை பேட்டரியில் இல்லை, வேற எங்கயோ இருக்கு.

ஒரே ஒரு சொல் மாறினதும் ரிப்போர்ட்டோட முடிவே தலைகீழா மாறுது. "அண்ட்" போட்டா ரெண்டும் சமமா நிக்கும், அதுதான் காம்பவுண்ட். "பிகாஸ்", "ஆல்தோ", "வென்" போட்டா ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்து நிக்கும்; அது காம்ப்ளக்ஸ். ஸ்கூல்ல இதை மார்க்குக்காக மாத்தி மாத்தி எழுதினோம். உண்மையில் இது, விஷயங்களுக்கு நடுவுல என்ன உறவுன்னு நாம சொல்ற இடம்.

தமிழில் யோசிச்சு ஆங்கிலத்தில் எழுதறவங்க சறுக்கற இடம் மூணு இருக்கு.

முதலாவது, "மாத்தினோம், இருந்தாலும் ஆனா நின்னுடுச்சு"ன்னு பேச்சில் ரெண்டு சொல்லையும் அடுக்குவோம். ஆங்கிலத்தில் "ஆல்தோ" வந்துட்டா அடுத்த பாதியில் "பட்" வரக் கூடாது. ஏதாவது ஒண்ணு போதும்.

இரண்டாவது, "லேபுக்குள்ள போனா மெஷின்ல புகை வருது." தமிழில் இது சுத்தமான வாக்கியம். போனது யாருன்னு சொல்ல வேண்டியதில்லை, கேக்கறவருக்கே புரியும். இதை அப்படியே "வாக்கிங் இன்டு தி லேப், தி மெஷின் வாஸ் ஸ்மோக்கிங்"னு எழுதினா, லேபுக்குள்ள நடந்து போனது மெஷின்னு ஆயிடும்! "இங்" வடிவத்தில் ஆரம்பிச்சா, கமாவுக்கு அப்புறம் வர்ற எழுவாய்தான் அந்த வேலையைச் செஞ்சதுன்னு ஆங்கிலம் எடுத்துக்கும். அதனால, "வாக்கிங் இன்டு தி லேப், வீ சா ஸ்மோக் கமிங் ஃப்ரம் தி மெஷின்." நடந்ததும் நாமதான், பார்த்ததும் நாமதான்.

மூணாவது, கமா. "பழுதான சென்சார்களை மாத்தினோம்"னு தமிழில் பெயருக்கு முன்னாடியே அடைமொழி வந்துடும். ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னாடியும் வரும். அங்கேதான் சிக்கல்.

"வீ ரீப்ளேஸ்ட் தி சென்சார்ஸ் தட் வேர் ஃபால்ட்டி." பழுதானதை மட்டும் மாத்தினோம்.

"வீ ரீப்ளேஸ்ட் தி சென்சார்ஸ், விச் வேர் ஃபால்ட்டி." எல்லா சென்சாரும் பழுது, எல்லாத்தையும் மாத்தினோம்.

பத்து சென்சார்ல ரெண்டு மட்டும் பழுதுன்னா, இரண்டாவது வாக்கியம் பொய். வைவால எக்ஸ்டர்னல் அந்த ஒரு கமாவைப் பிடிச்சா அடுத்த கேள்வி என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுக்காக எல்லாத்தையும் ஒட்டணும்னு இல்லை. அஞ்சு வரிக்கு நீளற வாக்கியம், மூச்சு விடாம பேசற ஆள் மாதிரி. எதிரே இருக்கறவர் பாதியிலேயே கவனத்தை விட்டுடுவார். முக்கியமான ரிசல்ட்டைத் தனி வாக்கியமா விடுங்க: "தி டெஸ்ட் ஃபெயில்ட்." அது தனியா நின்னாதான் கண்ணில் படும்.

ரெண்டு வாக்கியத்தைச் சேர்க்கறதுக்கு முன்னாடி, அதுங்களுக்கு நடுவுல "அதனாலயா, இருந்துமா, அப்புறமா?"ன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. பதில் கிடைச்சா, எந்தச் சொல் போடணும்னு தானா தெரிஞ்சிடும். எனக்கு பதில் கிடைக்காத ஒரு இடத்துல திரும்ப லேபுக்குப் போய் மோட்டாரைக் கழட்டிப் பார்த்தோம். பேட்டரி நல்லாத்தான் இருந்தது. ஒரு வயர் லூஸ். அதனால, "ஆல்தோ."