கொசுவுக்கு ஏன் டெங்கு வருவதில்லை?

டெங்குப் பிரிவில் துணைக்கு இருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: நம் பிள்ளையைப் படுக்கையில் தள்ளிய அதே வைரஸ், அதைச் சுமந்து வந்த கொசுவை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

நம் உடலைப் போல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக் கொசுவால் இயலாது. ஆயினும் அதன் உயிரணுக்களுக்குள் நுட்பமான காவல் ஒன்று உண்டு. டெங்கு வைரஸின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் எழுதப்பட்டிருக்கிறது. வைரஸ் பெருகும்போது இரண்டு இழைகள் பிணைந்த நீண்ட வடிவம் ஒன்று இடையில் தோன்றும். கொசுவின் உயிரணு அதை அந்நியமென்று கண்டுகொள்கிறது. உடனே டைசர்-2 என்னும் நொதி அதனை 21 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட்-2 என்னும் புரதம் அத்துண்டின் ஓரிழையை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. திருடன் விட்டுச்சென்ற துணியை மோப்ப நாய்க்குக் காட்டுவது போலத்தான். இதனை ஆர்.என்.ஏ. அடக்கம் என்பர்.

அடக்கம் என்ற சொல் பொருத்தமானதே. ஏனெனில் இக்காவல் வைரஸை ஒழிப்பதில்லை. ஆய்வகத்தில் டைசர்-2-ஐத் தடுத்தபோது, கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் மிகுதியாகப் பெருகியது. சிண்ட்பிஸ் என்னும் வேறொரு வைரஸுக்கு இக்காவலை முடக்கும் புரதத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கொசுக்களே மடிந்தன. காவல் இருப்பதால் கொசு பிழைக்கிறது. முழுமையாக இல்லாததால் வைரஸும் பிழைக்கிறது. இழப்பு நமக்குத்தான்: தொற்றிய கொசு தன் வாழ்நாள் முழுதும் நோயைப் பரப்பும்.

இதே நெறியைப் பின்பற்றி மனிதருக்கான மருந்துகளும் வந்துள்ளன. கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் ஊசி அவற்றுள் ஒன்று. டெங்குவுக்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை.

ஆகவே நாம் கொசுவலையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 'இவருக்குத்தான் டெங்கு வந்துவிட்டதே, இனி வலை எதற்கு?' என்று சிலர் அதை மடித்து வைத்துவிடுகின்றனர். நோயாளியைக் கடிக்கும் கொசு ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களில் பிறருக்கு நோயைத் தரும் நிலையை அடைகிறது. அருகில் படுத்திருக்கும் நீங்களே அடுத்தவராகலாம். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. எனவே பகலிலும் நோயாளியை வலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சல் நின்றபின் இரண்டு நாள்கள் வரை வலையை அகற்ற வேண்டா.