நடுவயதுத் தோழமையும் மறையும்: செவிலி – நற்றாய் உறவை முன்வைத்து

நடுவயதுப் பெண்களின் நட்பையும் மறைகளையும் கருவாக்கும் வெகுசனப் புனைகதையைப் பிறநாட்டு வரவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அகமரபில் தோழி செவிலியின் மகள். செவிலியோ நற்றாயின் தோழியாகக் கொள்ளப்படுபவள். மறைபொருளை எடுத்துரைக்கும் சிறப்பாலேயே செவிலியைத் தாய் என்கிறது தொல்காப்பியக் களவியல். எனவே அறத்தொடு நிற்றலில் களவுச் செய்தி இளையோர் நட்பிலிருந்து மூத்தோர் நட்புக்குக் கைமாறுகிறது. 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதும் செவிலியை நோக்கிய தோழி கூற்று. அதாவது, மகளே தாயிடம் பேசுகிறாள். செவிலி அதனை நற்றாயிடம் எவ்வாறு உரைத்தாள், எவ்வளவை மறைத்தாள் என்பதை அப்பாட்டு கூறவில்லை. ஐங்குறுநூற்றின் செவிலி கூற்றுப் பத்தில் (401–410) அவள் நற்றாயிடம் பேசுகிறாள். ஆனால் மகளின் மணவாழ்வின் இன்பத்தை மட்டுமே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மௌனமே இக்காலப் புனைகதைக்கு உரிய களம்.