சுழல்வது எது, நிற்பது எது?

கடைசல் எந்திரத்தின் இரு முனைகளுக்கிடையே ஓர் உருளையை மாட்டி, அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டிவிட்டால், பலகைகளை மட்டமாகத் தேய்க்கும் யந்திரம் கிடைத்துவிடும் என்று காணொளி ஒன்றில் கண்ட அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர், 'மரவேலையில் இது புரட்சி என்கிறார்களே, மெய்யா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். யந்திரம் மெய், புரட்சிதான் மிகை.

ஏனெனில், அவர் ஊர்ச் சொப்புச் சாமான் பட்டறைகளில் இதே வித்தை தலைகீழாக நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்கே மரம் சுழல, உப்புத்தாள் கையில் நிற்கிறது. இங்கே உப்புத்தாள் சுழல, மரம் மெல்ல நகர்கிறது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுழன்றது. கிரைண்டரில் குழவி நிற்கக் கல் சுழல்கிறது. அரிசிக்கோ இரண்டும் ஒன்றே. உவமையை இன்னும் ஆட்டினால், வேகமாக அரைத்தால் மாவு சூடேறுவதுபோல மரமும் சூடேறும், கல்லில் மாவு அப்புவதுபோலத் தாளில் தூள் அப்பும் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் மரத்தூளில் இட்டிலி வார்க்க வேண்டிவரும், ஆகையால் நிறுத்திக்கொள்கிறேன்.

சரித்திரத்துக்கு ஒரு வரி: உப்புத்தாளுக்கு அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் என்பவர் 1834-இல் காப்புரிமை பெற்றார்.

என்னை வசீகரிப்பது உராய்வின் உஷ்ணம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிஷத்துக்கு 1,500 முறை சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் ஓடுகிறது. அதே சுழற்சியில் மூன்று சென்டிமீட்டர்ச் சொப்பின் விளிம்போ இரண்டரை மீட்டரைக்கூட எட்டுவதில்லை. தாளிலுள்ள மணி ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளிதான். ஆனால் முகம் மழுங்கிய உளியாகையால், மோட்டார் தரும் சக்தியின் பெரும்பகுதி மரத்தைச் சீவுவதில் அன்றி அதைச் சுடவைப்பதிலேயே கரைகிறது. தேக்கைத் தேய்த்தால், அதன் எண்ணெய்ப் பசை இந்தச் சூட்டில் இளகி, தூளோடு குழைந்து மணிகளின் இடுக்கை அடைத்துவிட, அடைபட்ட தாள் வெட்டுவதை விட்டுத் தேய்க்க மட்டும் செய்ய, சூடு மேலும் ஏறிப் பலகையில் கருங்கோடு விழுகிறது. உருளைக்குச் சத்துருவான இவ்வுஷ்ணமே சொப்புக்காரருக்கு மித்திரன்: சுழலும் மரத்தில் அவர் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், சுமார் 70 பாகை செல்சியஸில் இளகும் அரக்கு, அடுப்பும் நெருப்புமின்றித் தானே உருகி மரத்தின்மேல் படர்ந்துவிடுகிறது.

உருளையைச் செய்யத் துணிவோருக்கு இரண்டு வார்த்தைகள். அதை அந்த எந்திரத்திலேயே கடைந்தெடுங்கள். சுழலப்போகும் அச்சிலேயே பிறந்த உருளைக்குக் கோட்டம் இராது. அடுத்தது, கடைசலில் மரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வருவதால் அடிப்பக்கம் உங்களைவிட்டு விலகி ஓடுகிறது. ஆகவே, உருளைக்கு அடியில் பலகையை வழக்கமான இடத்தில் நின்று செலுத்தினால், உருளை அதைக் கவ்விப் பின்சுவரில் எறியும். எந்திரத்தின் மறுபக்கம் சென்று, சுழற்சிக்கு எதிராக, மயிரிழை மயிரிழையாகவே தள்ள வேண்டும்.

எது சுழன்றாலும் ஒன்றே என்றேன். தூளுக்கு அது பொருந்தாது. அகன்ற உருளை தூளை மேகமாகவே கிளப்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வரிசையிலேயே சேர்த்தது. காணொளியில் அந்தப் புரட்சிக்காரர் மூக்கை மூடியிருந்தாரா என்று வாசகர் எழுதவில்லை.